பச்சை வரட்டும்

தோமகோமாய் துறைமுகத்துக்குப் பின்னால்
பழைய கார்களைப் பிரிக்கிற எங்கள் முற்றத்தில்
காலை ஏழு மணிக்கு இன்னும் விளக்கு எரிகிறது.
உப்புக் காற்று. கணுக்கால் வரை பனி.
வரிசையில் அடுத்தது வெள்ளி நிற வேன்.
பதினான்கு வருடம் ஓடியிருக்கிறது,
ஒரு கீறல் இல்லை.

ஓட்டியவர் யாரோ, கவனமானவர்.
கண்ணாடியில் சிவப்புத் துணியில் ஒரு கோயில் தாயத்து,
சாலையில் காக்கும் என்று தைத்திருக்கிறது.
இருக்கைக்கு அடியில் ஒற்றைக் கையுறை, குழந்தையுடையது.
ஸ்டியரிங்குக்குள் மடித்து வைத்த பை
ஒரே ஒரு நொடிக்காகப்
பதினான்கு வருடம் விழித்திருந்தது.
அந்த நொடி வரவே இல்லை.
வராததுதான் நல்லது என்று
அதனிடம் யார் போய்ச் சொல்வது?

நசுக்கப் போகுமுன் அதை வெடிக்க வைத்தாக வேண்டும்.
அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது.
முதலாளி கசாமா அதை
வேலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

மஞ்சள் பெட்டியை மேசைமேல் வைக்கிறேன்.
கம்பிச் சுருளை அவிழ்த்து, பத்து மீட்டரையும்
விரலால் தடவிக்கொண்டே போகிறேன்,
தலையில் பேன் பார்ப்பதுபோல.
மடிந்த இடம். வெளுத்த இடம். எலி பல் பட்ட இடம்.
கடைசியில் இரண்டு கவ்விகளையும்
ஒன்றை ஒன்று கவ்வ விடுகிறேன்.
இன்னும் வேன் பக்கம் போகவில்லை.
கருவி இப்போது
தன் கையைத் தானே பிடித்துப் பார்க்கிற நோயாளி.
பாட்டரியில் மாட்டி அழுத்தினால்
நாடி தெரிந்துவிடும்:
பச்சை என்றால் போகலாம்,
சிவப்பு என்றால் போகக்கூடாது.

இசாவோ வந்து என் இடப்பக்கம் நிற்கிறான்.
எப்போதும் இடப்பக்கம்தான்.
என் பேச்சுக்கு அவனுடைய வலது காது வேண்டும்.

போன பிப்ரவரியில்
பார்க்காமலே மாட்டினோம். லாரி காத்திருந்தது.
அழுத்தினேன். சத்தமில்லை.
மறுபடி அழுத்தினேன். சத்தமில்லை.
என்னவென்று பார்க்கப் போனான்,
கதவுக்குள் தலையை நீட்டினான்.
போகிற வழியில் கால் கம்பியை இடறியிருக்க வேண்டும்.
உள்ளே அறுந்தும் அறாமலும் கிடந்த இழை
சாவகாசமாக ஒட்டிக்கொண்டது.
கட்டை விரலை நான் இன்னும் எடுக்கவில்லை.

சோதித்த கருவி சும்மா இருந்தால்
சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.
சோதிக்காத கருவி சும்மா இருந்தால்
அது யோசித்துக்கொண்டிருக்கலாம்.
இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.
இதற்கு ஒரு காது விலை,
என்னுடையதுகூட இல்லை.

அவன் அதைப் பற்றிப் பேசியதில்லை.
நான் ஒரே ஒரு முறை பேசினேன்,
ஆஸ்பத்திரி வராந்தாவில்,
அவனுடைய இடப்பக்கம் நின்றுகொண்டு.
முழுதாகச் சொன்னேன். அழுதுகூடச் சொன்னேன்.
அவன் எதிர்ச் சுவரில் இருந்த
தண்ணீர் எந்திரத்தையே பார்த்திருந்தான்.

இன்று அழுத்துகிறேன்.
சிவப்பு.
கவ்விகளைத் துடைத்து, துரு சுரண்டி, மறுபடி.
சிவப்பு.

"நேற்று நன்றாகத்தானே இருந்தது" என்கிறார் கசாமா.
பதினோரு மணிக்கு லாரி வருகிறது என்கிறார்.
பச்சை விளக்குதான் பழுதோ என்னவோ,
ஒரு தடவை வேனில் மாட்டித்தான் பாரேன் என்கிறார்.
நான் பாட்டரியைக் கழற்றுகிறேன்.
கம்பியைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து
பெட்டிமேல் உட்கார்ந்துகொள்கிறேன்.
இதைவிடப் பெரிய வீரம் எதுவும்
இந்த முற்றத்தில் நான் செய்ததில்லை.
குளிர் பின்புறத்தில் ஏறுகிறது.

லாரி மற்றவற்றை ஏற்றிக்கொண்டு போனது.
வேனின் கூரையில் பனி நிரம்பத் தொடங்கியது.
உள்ளே பை மடிந்தபடியே,
தாயத்து தொங்கியபடியே,
இன்னும் ஓர் இரவு.

கையுறையைக் கழற்றிக்கொண்டே இசாவோ கேட்டான்:
"ஆஸ்பத்திரியில் என்னவோ நீளமாகச் சொன்னாயே,
என்ன அது?"

நான் பெட்டியைப் பார்த்தேன்.
"பச்சை வரட்டும்" என்றேன்.

புதுக் கம்பி சப்போரோவிலிருந்து
நாளை மதியம் வருமாம்.